சிஹாருவுக்கு இங்கிலிஷ் தெரியாது

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஷெப்பர்ட் வீதியோரம் இருந்த அந்த ஜப்பானிய உணவகத்தில் ஜப்பானைச் சேர்ந்தவை இரண்டுதான். ஒன்று, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஓயாமல் கையாட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பூனை. மற்றது, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற சிஹாரு. பூனை சீனாவில் செய்தது. ஆகவே சிஹாரு மட்டும்தான்.

கடைக்காரன் ராகுலன் யாழ்ப்பாணத்தான். வெள்ளிக்கிழமைகளில் முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் பூனையின் நெற்றியிலும் திருநீறு பூசுவான். வியாபாரத்துக்கு உதவுமென்றால் எதற்கும் பூசுவான். மீனை வெட்டுவதும், சோற்றைப் பதமாக்குவதும், உருட்டுவதும் நீக்கிலாஸின் வேலை. நீக்கிலாஸ் மன்னாரில் இருந்து வந்த கத்தோலிக்கர், நாற்பது தாண்டியவர். அவருடைய அகதிக் கோரிக்கை ஒருமுறை மறுக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடந்தது. சமையலறைக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே ஒரு நீலத் திரை தொங்கியது. அதைத் தாண்டி வர அவருக்கு அனுமதி இல்லை.

"டேய் நீக்கிலாஸ், திரைக்குப் பின்னாலை நில்லடா. உன்ர மூஞ்சியைப் பார்த்தால் ஆரடா சுஷி தின்னுவான்?"

"நான் என்ன பேயே அண்ணை?"

"பேயெண்டாலும் பரவாயில்லை. கறுத்தப் பேயாய்ப் போனியே."

திரைக்குப் பின்னால் நீக்கிலாஸ் உருட்டியதைச் சிஹாரு முன்னால் நின்று துண்டு போட்டுத் தட்டில் அடுக்குவாள். சனம் அவளுடைய விரல்களைப் பார்த்துக் கைதட்டும். கை ஒருவருடையது, முகம் இன்னொருத்தியுடையது, இலாபம் மூன்றாமவனுடையது. உலகத்தில் பெரிய பெரிய கம்பனிகள் செய்வதைத்தான் ராகுலன் சிறிய அளவில் செய்தான்.

வேலைக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் எந்த மீன் நல்லதென்று கேட்டார். சிஹாரு மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டி, சரிபார்த்து, பிறகு சொன்னாள்: இன்றைக்கு சால்மன் நல்லது, காலையில்தான் வந்தது, சூரை கொஞ்சம் பழையது. ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை. ராகுலன் அவளைத் திரைக்கு உள்ளே கூப்பிட்டான். அவர்களுக்குள் பேச்சு இங்கிலிஷ்தான். ராகுலன் அதை யாழ்ப்பாணத்தில் வைத்துப் பேசுவது போலவே பேசுவான்.

"பிள்ளை, நீர் நல்லாக் கதைக்கிறீர். அதுதான் பிரச்சினை. சனம் இஞ்ச வாறது ஜப்பானுக்குப் போன மாதிரி இருக்கவேணும் எண்டு. நீர் பாங்கிலை நிக்கிற பெட்டை மாதிரிக் கதைச்சால் ஆர் வருவினம்? முறிச்சுக் கதையும். 'மீன். நல்லம். புதுசு.' அவ்வளவும் காணும். விளங்காத கேள்வி எண்டால் சிரியும். விளங்கின கேள்வி எண்டாலும் சிரியும்."

சிஹாரு தலையாட்டினாள். நல்ல ஆங்கிலத்துக்காகத்தான் அவள் கடல் தாண்டி வந்திருந்தாள்.

ஹமமாட்சு என்ற நகரத்தில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் ஏற்றுமதி செய்யும் கம்பனி ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். ஆங்கிலப் பரீட்சையில் குறித்த புள்ளிக்குக் கீழே எடுத்தவருக்குப் பதவி உயர்வு இல்லை என்று அந்தக் கம்பனி ஒரு நாள் சட்டம் போட்டது. கிட்டங்கியில் பெட்டி அடுக்குபவருக்கும் அதே சட்டம். ஜப்பானில் பெரும்பாலானவர்கள் ஆங்கிலம் பேசியே ஆகவேண்டிய நாளைச் சந்திக்காமலே வாழ்ந்து முடித்துவிடலாம். இருந்தும் அங்கே புள்ளி உள்ளவருக்கு நாற்காலி, வெளிநாட்டுப் பயணம், கல்யாணச் சந்தையில் நல்ல விலை. புள்ளி இல்லாதவருக்குத் தேநீர் ஊற்றும் வேலை. இதற்கு அறிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆளைத் தரம் பிரிக்க ஒரு சல்லடை தேவைப்பட்டது, ஆங்கிலம் கைக்கு எட்டியது. யாழ்ப்பாணத்தில் நாமும் அதே சல்லடையால் சலிக்கப்பட்டவர்கள்தாம், கல்லென்று வீசப்பட்டவர்களும் நம்மில் ஏராளம்.

சிஹாருவின் புள்ளி அந்தப் பிரிவிலேயே உயர்ந்தது. ஆனால் வாய் திறக்காது. பாடசாலையில் அவளுடைய ஆங்கில ஆசிரியர், வாக்கியம் பிழையில்லாமல் வரும்வரை பிள்ளைகளை நிற்க வைப்பார். பிழையாகச் சொன்னவரின் விரல் மொளியில் கோடு கீறும் அடிமட்டத்தின் விளிம்பால் போடுவார். பேசாமல் நின்றவருக்கு அடி இல்லை. பேசாமல் நிற்பது பாதுகாப்பு என்று விரல்கள் படித்துக்கொண்டன. அன்றிலிருந்து எந்த வாக்கியத்தையும் தலைக்குள் முழுதாகக் கட்டி முடிக்காமல் அவள் வெளியே விட்டதில்லை.

கம்பனியில் ஒரு நாள் வெளிநாட்டு வியாபாரி ஒருவர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். பிரிவுத் தலைவர் எல்லோருக்கும் முன்னால் ரிசீவரைச் சிஹாருவின் கையில் திணித்தார். அவள் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வியாபாரி தொடர்பைத் துண்டித்தார். தலைவர் ரிசீவரைப் பிடுங்கி அவள் முகத்தில் எறிந்தார். புருவம் கிழிந்தது. யாரும் எழும்பவில்லை. அவள்தான் குனிந்து மன்னிப்புக் கேட்டாள், மேசையில் சொட்டிய இரத்தத்தையும் துடைத்தாள். பதவி உயர்வு ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் பழம் பிடுங்கிய ஒருவனுக்குப் போனது. அவனுடைய புள்ளி இவளுடையதில் பாதி. ஆனால் அவன் பிழை பிழையாக வாய் ஓயாமல் பேசுவான்.

அந்தத் தழும்போடு அவள் ரொறன்ரோவில் இறங்கினாள். வேலை செய்துகொண்டே ஊர் பார்க்கலாம் என்ற இளைஞர் விசா ஒரு வருடத்தில் முடிந்தது. தங்க வேண்டுமென்றால் முதலாளி ஒருவர் கூப்பிட வேண்டும். ராகுலன் கூப்பிட்டான். அப்படிக் கிடைத்த வேலைப் பெர்மிட்டில் வேறு எவரிடமும் அவள் வேலை செய்ய முடியாது. நாகரிகமான நாடு என்று மார் தட்டும் ஒரு நாடு, ஒரு மனுஷியின் கழுத்துக் கயிற்றை எடுத்து ஒரு கடைக்காரனின் கையில் கொடுக்கிறது. பிறகு அவன் இழுத்தான் என்று ஆச்சரியப்படுகிறது.

அவன் இழுத்தான். சோறு குழைந்தால் அகப்பையால் நீக்கிலாஸின் தோளில் அடிப்பான். கொதிக்கும் மிசோச் சூப்பை அவர் காலடியில் ஊற்றிவிட்டுச் சிரிப்பான். சிஹாரு வாடிக்கையாளரிடம் ஒரு முழு வாக்கியம் பேசினால், உள்ளே வந்ததும் காதைப் பிடித்துத் திருகுவான். காதோரம் காய்ந்த இரத்தத்தை அவள் தலைமயிரால் மறைத்துக்கொண்டு முன்னால் போய்க் குனிந்து வணக்கம் சொல்வாள். சனம், "எவ்வளவு இனிமையான பிள்ளை" என்று இணையத்தில் எழுதும்.

அடுப்படியில் நீக்கிலாஸும் அவளும் ஒருவருக்கொருவர் பேசிய ஆங்கிலத்தில் ராகுலன் தலையிடவில்லை. அவள் அவரை நீக்கு அண்ணை என்றாள். ஓம், இல்லை, சும்மா இரு, போடா நாயே ஆகியவற்றையும் படித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, ஒரு வசனம் வாறதுக்குள்ள எனக்கு நரை விழுந்திடும். டக்கெண்டு சொல்லும்."

"பிழை வரும், நீக்கு அண்ணை."

"வரட்டும். வந்தால் என்ன, கடிக்குமே?"

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு தாய் தன் சின்ன மகளோடு வந்து கண்ணாடிப் பெட்டிக்கு நேரே உட்கார்ந்தாள். அவக்காடோ உருட்டல் கேட்டாள். "இதில் எள்ளு இருக்கிறதா? எள்ளு பட்டால் இவளுக்கு மூச்சு அடைக்கும்," என்று விளக்கத் தொடங்கினாள். சிஹாரு ஜப்பானிய மொழியில் "ஹாய், ஹாய்" என்று தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஜப்பானில் ஒருவர் பேசும்போது அப்படித்தான் தலையாட்டுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்று பொருள். தாய் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். பிரச்சினை இல்லை என்று கடைப்பெண் சொல்லிவிட்டாள் என நம்பித் தட்டை மகள் பக்கம் தள்ளினாள்.

எள்ளு கண்ணுக்குத் தெரியவில்லை. சோஸில் நல்லெண்ணெய் இருந்தது. சிஹாருவுக்கு அது தெரியும். தலைக்குள் வாக்கியம் பாதி கட்டியிருந்தது. கல்லாவடியில் ராகுலன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சிறுமி துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

சிஹாரு பெட்டிக்கு மேலால் எட்டிச் சிறுமியின் கையில் ஓங்கி அடித்தாள். துண்டு தெறித்துச் சுவரில் ஒட்டியது. சிறுமி வீரிட்டாள். தாய் எழும்பிச் சிஹாருவின் சட்டையைப் பிடித்தாள்.

"எள்ளெண்ணெய் இருக்கிறது. கொடுக்க வேண்டாம். கத்தியிலும் இருக்கிறது, பலகையிலும் இருக்கிறது. இங்கே எதையும் கொடுக்க வேண்டாம். கையைக் கழுவுங்கள், இப்போதே," என்றாள் சிஹாரு, பிழையில்லாத ஆங்கிலத்தில்.

தாயின் பிடி தளர்ந்தது. பின் மேசையில் ஒருவன் சிரித்தான். "அட, இவளுக்கு இங்கிலிஷ் தெரியுமா? இவ்வளவு நாளும் நடிப்பா? அப்ப மீனும் நடிப்புத்தானா?" அவன் தொலைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தான்.

ராகுலன் சிரித்த முகத்தோடு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். சிஹாருவின் முழங்கையைப் பிடித்து, மெதுவாக, மரியாதையாகத் திரைக்கு உள்ளே கூட்டிப்போனான். திரை விழுந்ததும் அவளுடைய தலைமயிரைக் கையில் சுற்றி முகத்தை இரும்பு மேசையில் மோதினான். பல் உதட்டுக்குள் இறங்கியது. மறுபடி மோதினான். அவள் கத்தவில்லை. கத்துவதற்கும் ஒரு வாக்கியம் தேவையென்று பழகிய வாய் அது. குளிர் அறைக்குள் அவளைத் தள்ளினான். கீழே விழாமல் இருக்க அவள் வலது கையால் கதவு நிலையைப் பிடித்தாள். அந்தக் கை அங்கே இருப்பதைப் பார்த்துக்கொண்டே ராகுலன் கனத்த கதவைக் காலால் உதைத்துச் சாத்தினான்.

காய்ந்த விறகு முறிவது போலச் சத்தம் கேட்டதென்று நீக்கிலாஸ் பிறகு சொன்னார். கதவு முழுதாக மூடவில்லை. விரல்கள் இடையில் கிடந்தன. ராகுலன் இன்னொரு முறை உதைத்தான்.

நீக்கிலாஸின் கையில் சூரை வெட்டும் நீளக் கத்தி இருந்தது. அதைப் பலகையில் வைத்துவிட்டுத்தான் திரும்பினார். வெறும் கையால் ராகுலனின் மூக்கில் குத்தினார். மூக்கு உடைந்தது. சட்டையோடு தூக்கிச் சோற்று வாளியின் மேல் எறிந்தார். வெள்ளைச் சோற்றில் இரத்தம் பரவியது. அகப்பையை எடுத்துக்கொண்டு எழும்ப முயன்ற ராகுலனின் வயிற்றில் முழங்காலால் போட்டார். அகப்பையால் தோளில் வாங்கிய அடிகள் எல்லாம் அந்த முழங்காலில் இருந்தன. பிறகு கதவை இழுத்துத் திறந்தார். சிஹாரு கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் இருந்தாள்.

யாரோ பொலிசைக் கூப்பிட்டிருந்தார்கள். திரையை விலக்கிக்கொண்டு முதலில் வெளியே போனவன் ராகுலன். மூக்கால் இரத்தம் ஒழுக, தெளிவான, நிறுத்தி நிறுத்திப் பேசும் நல்ல ஆங்கிலத்தில் சொன்னான்: சமையற்காரனுக்கு விசர் பிடித்துவிட்டது, பெட்டையின் கையைக் கதவுக்குள் வைத்து நசுக்கினான், தடுக்கப்போன என்னையும் அடித்தான்.

முதலில் பேசியவன் பாதிக்கப்பட்டவன். மொழி வராதவன் குற்றவாளி. இந்த நகரத்தில் எத்தனையோ சமையலறைகளிலும் படுக்கையறைகளிலும் பொலிஸ் வந்து நின்ற முதல் நிமிடத்தில் தீர்ப்பு இப்படித்தான் எழுதப்படுகிறது. இரண்டு அதிகாரிகள் நீக்கிலாஸைச் சோறு சிந்திய தரையில் குப்புறத் தள்ளினார்கள். ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றினார். கைகளைப் பின்னால் முறுக்கி விலங்கு பூட்டினார்கள். "நோ சேர், நோ சேர்" என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் வரவில்லை. அடுப்படியில் வழவழவென்று ஓடிய ஆங்கிலம் சீருடையைக் கண்டதும் செத்துப்போனது. மன்னாரில் சீருடைக்கு முன்னால் குப்புறக் கிடந்த உடம்பு அது. இந்தக் குற்றம் பதிவாகினால் மேன்முறையீடு முடிந்தது. அடுத்தது விமானம்.

இளம் பொலிஸ்காரர் ஒருவர் சிஹாருவின் முன்னால் குந்தினார். "என்ன நடந்தது?"

"அவவுக்கு இங்கிலிஷ் தெரியாது சேர்," என்றான் ராகுலன். "நான் மொழிபெயர்க்கிறன்." அவள் பக்கம் திரும்பி, கவலை தோய்ந்த முகத்தோடு, மெனுவில் இருந்த ஜப்பானிய உணவுப் பெயர்களை வாக்கியம் போல அடுக்கினான். "தெரியாக்கி, வசாபி, எடமாமே. உனாகி, தெம்புரா?" பிறகு அதே குரலில், அதே முகத்தோடு தமிழில் சொன்னான்: "பெர்மிட் போயிடும் பிள்ளை. சும்மா இரு."

சும்மா இரு அவளுக்கு விளங்கும்.

கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற பழைய பழக்கத்தில் அவள் தலை ஆடியது. ராகுலன் பொலிஸ்காரரிடம் நிமிர்ந்தான். "பாருங்கோ, சமையற்காரன்தான் எண்டு சொல்லுறா."

நீக்கிலாஸைத் தூக்கி நிறுத்தினார்கள். கன்னம் முழுக்கச் சோறு ஒட்டியிருந்தது. கதவை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். சிஹாருவின் தலைக்குள் வாக்கியம் அடுக்கி அடுக்கிச் சரிந்துகொண்டிருந்தது. விரல்களில் இருந்து மேலே ஏறிய வலி ஒவ்வொரு சொல்லாகத் தட்டி விழுத்தியது. திரை அசைந்தது. நீக்கிலாஸ் அதை முதல் தடவையாகத் தாண்டினார், விலங்கோடு.

"போடா நாயே!" என்று ராகுலனைப் பார்த்துச் சிஹாரு அலறினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அதன்பின் அவள் வாயில் இருந்து வந்தது, ராகுலன் இவ்வளவு காலமும் நடிக்கச் சொன்னதைவிட முறிந்த ஆங்கிலம். "இவர் பொய்! ஜப்பான் பேச்சு இல்லை, இவர் மெனு சொன்னார்! கதவு, இவர் கால். இரண்டு தரம். என் கை. நீக்கு அண்ணை நிற்பாட்டினார். விடு! நல்ல ஆள் விடு!"

"உனக்கு இங்கிலிஷ் தெரியாதென்றாரே?"

"தெரியும். பிழையாகத் தெரியும். எழுது."

பொலிஸ்காரர் எழுதினார். எள்ளு ஒவ்வாத சிறுமியின் தாய் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து தான் பார்த்ததைச் சொன்னாள். கதவடியில் நடந்ததை அவள் பார்த்திருக்கவில்லை. அதைச் சொல்லச் சிஹாருவின் வாய் மட்டுமே இருந்தது. மாலையில் நீக்கிலாஸை விட்டார்கள். ராகுலன் மீது குற்றம் பதிந்தார்கள்.

வழக்கு அடுத்த வருடம் வந்தது. ராகுலனின் சட்டத்தரணி மெலிந்த, சிரித்த முகமுள்ள மனிதர். வாடிக்கையாளர்கள் இணையத்தில் எழுதியதை ஒவ்வொன்றாக வாசித்தார். "'ஒரு வார்த்தை இங்கிலிஷ் தெரியாது, ஆனால் சிரிப்பு எவ்வளவு அழகு.' 'உண்மையான ஜப்பான், ஏனென்றால் அவளுக்கு எதுவும் விளங்காது.'" பிறகு சிஹாருவிடம் கேட்டார்: "அன்றைக்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதென்றால், பொலிஸ் எழுதியது பொலிஸின் ஊகம். தெரியுமென்றால், நீங்கள் தினமும் நூறு பேரை ஏமாற்றிய நடிகை. இரண்டில் எது?"

அவள் சொன்னது நிற்கவில்லை என்றால் அதே குற்றம் மறுபடி நீக்கிலாஸின் பக்கம் திரும்பும். பார்வையாளர் வரிசையின் கடைசி வாங்கில் கையைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு அவர் இருந்தார். நீதிமன்றம் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் சிஹாருவின் பக்கம் சாய்ந்தார். சிஹாரு வேண்டாமென்று தலையசைத்தாள்.

"நடிகைதான். சம்பளத்துக்கு நடித்தேன், காது வலிக்காமல் இருக்க நடித்தேன். இந்தப் பாராட்டு எழுதியவர்களுக்கு அதுதான் பிடித்தது. அந்தப் பிள்ளை வாயில் வைக்கப் போனபோது நடிக்கவில்லை. கதவு மூடிய நேரம் நடிக்கவில்லை."

"அதை நாங்கள் எப்படி நம்புவது?"

"கேள்வி கேளுங்கள். கதவைப் பற்றி, அவர் சப்பாத்தைப் பற்றி, எந்தக் கால் என்பதைப் பற்றி. நேரம் எடுத்துச் சொல்வேன். பிழை வரும். நான் இங்கேதான் நிற்கிறேன்."

அவர் கேட்டார். அன்று முழுக்கக் கேட்டார். அவள் நின்று சொன்னாள். பிழைகள் வந்தன. எவரும் அடிமட்டத்தை எடுக்கவில்லை.

குற்றம் நிரூபணமானது. வெளியே நடைக்கூடத்தில் நீக்கிலாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, 'சப்பாத்து'க்கு என்ன சொன்னனீர்? 'கால்பெட்டி' மாதிரி ஏதோ கேட்டுது."

"பிழையா, நீக்கு அண்ணை?"

"படு பிழை. ஜட்ஜுக்கு விளங்கிப்போச்சு, அது காணும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். உதட்டுத் தழும்பு இழுபட்டது.

தண்டனை என்ன தெரியுமா? வீட்டுக்காவல். வேலைக்குப் போக விதிவிலக்கு. இரண்டு விரல்களை ஒருவர் வாழ்நாள் முழுக்க மடக்க முடியாமல் செய்தவனுக்குத் தன் சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சி பார்க்கும் தண்டனை. சிஹாருவுக்கு, துன்புறுத்தப்பட்ட தொழிலாளருக்கான திறந்த பெர்மிட் கிடைத்தது. மோர்னிங்சைட்டில் ஒரு பல் வைத்தியரிடம் தொலைபேசி எடுக்கிறாள், இடது கையால். நீக்கிலாஸ் இன்னும் இங்கேதான் இருக்கிறார், வேறொரு சமையலறையில்.

யூனியன்வில்லில் ராகுலனின் மைத்துனன் பெயரில் புதிய ஜப்பானியக் கடை திறந்திருக்கிறது என்று அவர்தான் வந்து சொன்னார். அடுத்த ஞாயிறு சிஹாரு போனாள். கல்லாவடியில் அதே பூனை, நெற்றியில் திருநீறு. அதே நிறத்தில் திரை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருபது வயது தாண்டாத ஒரு பெண் குனிந்து வரவேற்றாள். "மீன். நல்லம். புதுசு."

சிஹாரு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். மடங்காத இரண்டு விரல்களும் தெரிய வலது கையைக் கண்ணாடியின் மேல் வைத்தாள். கடை முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் கேட்டாள்:

"இதில் எள்ளு இருக்கிறதா?"

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு விரல்களைப் பார்த்தாள். பிறகு திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கே பார்க்காதே," என்றாள் சிஹாரு. "என்னைப் பார்த்துச் சொல். பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை."

திரைக்குப் பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. சிஹாரு கையை எடுக்கவில்லை.